ஆர்சி விமானத்துக்கு ரெகுலேட்டர்: வேலூர் வெயிலில் பறக்கவிட வருகிறவர்களுக்கு

பாலாற்று மணலில் யாருடைய ஆர்சி விமானமாவது, அதாவது கையில் இருக்கிற ரேடியோவால் ஓட்டுகிற மாதிரி விமானமாவது, மூக்குக் குத்தி விழுந்தால் முதலில் வருகிற விளக்கம் "சிக்னல் கட் ஆயிடுச்சு" என்பதுதான். ரேடியோவைத் திட்டுவார்கள், ஆன்டெனாவைத் திட்டுவார்கள், தூரத்தில் தெரிகிற செல்போன் டவரைக்கூட விடமாட்டார்கள். ஆனால் இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்களில், விமானம் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற தூரத்தில் இருக்கும்போது, சிக்னல் அவ்வளவு லேசில் போவதில்லை. பல நேரம் விமானத்துக்குள் சிக்னலை வாங்குகிற ரிசீவருக்குப் போகிற மின்சாரம் ஒரு கணம் தொய்கிறது, ரிசீவர் அணைந்து மறுபடி எழுந்து ரேடியோவைத் தேடிப் பிடிப்பதற்குள் விமானம் தரைக்கு வந்துவிடுகிறது. எடுத்துப் பார்த்தால் இறக்கை, வால் மடல்களை அசைக்கிற சர்வோ எல்லாம் ஆடும், மோட்டார் சுற்றும், எதிலும் கோளாறு தெரியாது. பழி சிக்னல் மேல் விழுவது அதனால்தான்.

பேட்டரியின் வோல்டேஜை இறக்கி அந்த மின்சாரத்தைக் கொடுக்கிறது கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு ரெகுலேட்டர். புதிதாக வருகிறவர்கள் மோட்டாருக்கும் ப்ரொப்பெல்லருக்கும் நாள் கணக்கில் யோசிப்பார்கள், ரெகுலேட்டரைப் பற்றி, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற இஎஸ்சியோடு வந்ததே போதும் என்று விட்டுவிடுவார்கள். சில விமானங்களுக்கு அது போதும்தான். எதற்குப் போதும், எதற்குப் போதாது, போதாவிட்டால் எதை வாங்கி எப்படிக் கட்டுவது, பறக்கவிடும் முன் எப்படிச் சோதிப்பது என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் உங்கள் பேட்டரியைப் பாருங்கள்

லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் ஒரு செல்லின் பெயரளவு வோல்டேஜ் 3.7. முழுதாகச் சார்ஜ் ஏறினால் 4.2. பேக்கின் மேல் 3எஸ் என்று போட்டிருந்தால் மூன்று செல் தொடராக இருக்கிறது என்று பொருள், அதாவது பெயரளவில் 11.1 வோல்ட், முழு சார்ஜில் 12.6 வோல்ட். 2எஸ் என்றால் 7.4, முழு சார்ஜில் 8.4. 4எஸ் முழு சார்ஜில் 16.8. கணக்குப் போடும்போது எப்போதும் முழு சார்ஜ் எண்ணையே எடுங்கள், ஏனென்றால் ரெகுலேட்டர் அதிகம் சூடாவது பேட்டரி புதிதாகச் சார்ஜ் ஆகி வந்த முதல் சில நிமிடங்களில்தான்.

ரிசீவரும் சாதாரண சர்வோக்களும் கேட்பது 4.8 முதல் 6 வோல்ட் வரை. முன்பெல்லாம் ரிசீவருக்கென்றே தனியாக ஒரு நிக்கல் பேட்டரி வைப்பார்கள், செல்லுக்கு 1.2 வோல்ட், நான்கு செல் போட்டால் 4.8, ஐந்து செல் போட்டால் 6. இன்றும் சர்வோ அட்டவணைகளில் 4.8 வோல்ட்டுக்கு ஒரு வரி, 6 வோல்ட்டுக்கு ஒரு வரி என்று இருப்பது அந்தப் பழக்கத்தின் மிச்சம். எலெக்ட்ரிக் விமானம் பெருகியதும் இரண்டு பேட்டரி எதற்கு, பெரிய பேட்டரியிலிருந்தே 5 வோல்ட் இறக்கிக் கொடுத்துவிடலாம் என்று இஎஸ்சிக்குள்ளேயே ஒரு ரெகுலேட்டரை வைத்தார்கள். அதற்குத்தான் பிஇசி என்று பெயர். அதையே தனி டப்பாவாக வெளியே வைத்தால் யூபிஇசி.

இஎஸ்சியிலிருந்து ரிசீவரில் மோட்டார் வேகத்துக்கான த்ராட்டில் சேனலுக்கு மூன்று ஒயர் போகிறது பாருங்கள், அதில் வெள்ளையோ மஞ்சளோ ஆரஞ்சோ சிக்னல், நடுவில் சிவப்பு பாசிட்டிவ், கறுப்போ பழுப்போ நெகட்டிவ். விமானத்தில் இருக்கிற எல்லா சர்வோவும் தின்கிற மின்சாரம் மொத்தமும் அந்த ஒரு சிவப்பு ஒயர் வழியாகத்தான் ரிசீவருக்குள் நுழைகிறது, ரிசீவருக்குள் எல்லாச் சேனலின் நடு ஊசிகளும் ஒன்றோடொன்று சேர்ந்திருப்பதால் அங்கிருந்து பிரிந்து போகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப் போகிற எல்லாம் சுலபமாகப் புரியும்.

லீனியரா, ஸ்விட்சிங்கா

ரெகுலேட்டரில் இரண்டு ஜாதி. விலையில் வித்தியாசம் கொஞ்சம், குணத்தில் வித்தியாசம் நிறைய.

லீனியர் ரெகுலேட்டர் கூடுதல் வோல்டேஜை வெறும் வெப்பமாக எரித்துத் தள்ளும். எவ்வளவு வெப்பம் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்: உள்ளே வருகிற வோல்ட்டிலிருந்து வெளியே போகிற வோல்ட்டைக் கழியுங்கள், மிச்சத்தை ஆம்பியரால் பெருக்குங்கள். 2எஸ் பேட்டரி, 5 வோல்ட், 1 ஆம்பியர் என்றால் 8.4 கழித்தல் 5, அதாவது 3.4 வாட். அதே 1 ஆம்பியருக்கு 3எஸ் பேட்டரியில் 7.6 வாட். 4எஸ் பேட்டரியில் 11.8 வாட். வீட்டில் இருக்கிற சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட், அதன் முனை ஈயத்தை உருக்குகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு சூட்டை ஹீட் ஷ்ரிங்க் உறைக்குள் அடைத்து, அதை தெர்மாகோல் உடம்புக்குள் வைத்து மூடினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெரும்பாலும் உடனே எரிந்துவிடாது. சூடு எல்லை தாண்டியதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது தானாக அணைந்துகொள்ளும், ஆறியதும் மறுபடி வேலை செய்யும். மேசை மேல் இருக்கிற கருவிக்கு இது அருமையான பாதுகாப்பு. வானத்தில் இருக்கிற விமானத்துக்கு இதுதான் சாவு, ஏனென்றால் அது அணைந்த நொடியில் உங்கள் கையில் இருக்கிற குச்சிகளுக்கும் விமானத்துக்கும் எந்த உறவும் இல்லை. விழுந்த விமானத்தை நடந்து போய் எடுப்பதற்குள் அது ஆறியும் விடும், சோதித்தால் 5 வோல்ட் சுத்தமாகக் காட்டும்.

ஸ்விட்சிங் ரெகுலேட்டர் வேறு மாதிரி. உள்ளே வருகிற மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம், சிலதில் லட்சக்கணக்கான முறை வெட்டி வெட்டி ஒரு காயில் வழியாக அனுப்பி வோல்டேஜை இறக்குகிறது. 85 சதவீதத் திறன் என்று வைத்தாலும் 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் கொடுக்க அது வீணாக்குவது ஒரு வாட்டுக்கும் கீழே. 3எஸ் ஆனாலும் 4எஸ் ஆனாலும் இதில் பெரிய மாற்றம் இல்லை. குறை என்னவென்றால் அந்த வெட்டும் வேலை கொஞ்சம் மின் இரைச்சலை உண்டாக்கும். பழைய 72 மெகாஹெர்ட்ஸ் மாதிரி கீழ் அலைவரிசை ரேடியோக்களில் அது நிஜமான தொல்லை, 2.4 கிகாஹெர்ட்ஸில் அவ்வளவாகத் தெரியாது, இருந்தாலும் ரெகுலேட்டரை ரிசீவர் ஆன்டெனாவிலிருந்து விரற்கடையாவது தள்ளி வைப்பதும், வெளியே வருகிற ஒயரை அதோடு வந்த ஃபெரைட் வளையத்தில் சில சுற்றுச் சுற்றுவதும் நல்லது.

நம்ம ஊர் விஷயம் ஒன்றை இங்கே சேர்த்தாக வேண்டும். இணையத்தில் இருக்கிற கணக்குகளும், இஎஸ்சி கையேட்டில் "3எஸ் என்றால் இத்தனை சர்வோ" என்று போட்டிருக்கிற அட்டவணைகளும் இதமான வானிலையில், காற்று நன்றாகப் படுகிற இடத்தில் சரியாக இருக்கலாம். ரெகுலேட்டரின் சூடு எப்போதும் சுற்றி இருக்கிற சூட்டின் மேல்தான் ஏறி உட்காரும். கத்திரி வெயிலில் வேலூரில் நிழலிலேயே 40 டிகிரி தாண்டும், மணலில் கறுப்பு மூடி போட்ட விமானத்தை வெயிலில் வைத்திருந்தால் உள்ளே அதைவிட அதிகம். ஆகவே கையேடு நான்கு சர்வோ என்று சொன்னால் மே மாதத்தில் அதை மூன்று என்று படியுங்கள். 3எஸ் பேட்டரியில் நான்கு சர்வோவுக்கு மேல் போனாலோ, 4எஸ் பேட்டரி போட்டாலோ, லீனியர் பிஇசியை நம்பவே வேண்டாம் என்பது என் கருத்து. சிலர் இது அதிக ஜாக்கிரதை என்பார்கள். யூபிஇசியின் விலையையும் விமானத்தின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு அவர்கள் சொல்லட்டும்.

உங்கள் இஎஸ்சியில் இருப்பது எந்த ஜாதி என்று தெரிய லேபிளைப் பாருங்கள். லீனியர், ஸ்விட்சிங் அல்லது எஸ்பிஇசி (ஸ்விட்சிங் பிஇசி) என்று ஏதாவது போட்டிருக்கும். ஒன்றுமே போடாத விலை குறைந்த 30 ஆம்பியர் இஎஸ்சி என்றால் லீனியர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆப்டோ என்று போட்டிருந்தால் உள்ளே பிஇசியே கிடையாது, வெளியே தனியாக ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும்.

எத்தனை ஆம்பியர் வேண்டும்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குகிற இடம் இது. சர்வோ சும்மா இருக்கும்போது கொஞ்சமாகத்தான் தின்னும், ஆடும்போது கொஞ்சம் கூடும், ஆனால் எதிர்க்காற்றில் தள்ள முடியாமல் நின்றுவிட்டால் அல்லது தண்டு எங்காவது முட்டிக்கொண்டால் அதன் பசி பல மடங்கு ஏறும். இதை ஸ்டால் கரண்ட் என்பார்கள். நீல நிறத்தில் வருகிற 9 கிராம் எஸ்ஜி90 மாதிரி சர்வோ ஸ்டாலில் முக்கால் ஆம்பியரை நெருங்கலாம். உலோகப் பல்சக்கரம் போட்ட பெரிய எம்ஜி996ஆர் 6 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர் வரை இழுக்கும்.

உங்கள் விமானத்தில் இருக்கிற எல்லா சர்வோவின் ஸ்டால் கரண்ட்டையும் கூட்டி ஒரு தாளில் எழுதுங்கள். இறக்கை மடல்களான எய்லிரானுக்கு இரண்டு, வால் மடல்களான எலிவேட்டருக்கும் ரட்டருக்கும் ஒவ்வொன்று, நாலும் 9 கிராம் சர்வோ என்றால் சுமார் 3 ஆம்பியர். நாலும் ஒரே நேரத்தில் ஸ்டால் ஆவது அபூர்வம்தான். ஆனால் செங்குத்தாக இறங்கி வேகமாக வெளியே எடுக்கும்போது, எலிவேட்டரையும் எய்லிரானையும் சேர்த்துக் கடைசிவரை இழுக்கும்போது, அதற்குப் பக்கத்தில் போகும். நான் வைத்திருக்கிற அளவு இதுதான்: ரெகுலேட்டரின் தொடர் ஆம்பியர், அதாவது அது நிற்காமல் கொடுக்கக்கூடியது, அந்தக் கூட்டுத்தொகையில் பாதிக்குக் குறையக் கூடாது, கொஞ்ச நேரம் மட்டும் கொடுக்கக்கூடிய உச்ச ஆம்பியர் கூட்டுத்தொகையையே தொட வேண்டும். நாலு சின்ன சர்வோவுக்கு 3 ஆம்பியர் ஸ்விட்சிங் யூபிஇசி போதும், தாராளமாகவும் இருக்கும். ஆறு எம்ஜி996ஆர் போட்ட பெரிய விமானத்துக்குக் கூட்டினால் 15 ஆம்பியர், அங்கே 3 ஆம்பியர் டப்பா விளையாட்டுப் பொருள்.

லேபிளில் பெரிய எழுத்தில் இருக்கிற எண் உச்சமா தொடரா என்று பாருங்கள். "5 ஆம்பியர்" என்று மேலே போட்டு, கீழே சின்ன எழுத்தில் தொடர்ச்சியாக 3 என்று போடுகிறவர்கள் உண்டு.

வோல்டேஜ் தேர்வுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். பல யூபிஇசிகளில் 5, 6 என்று மாற்ற ஒரு ஜம்பரோ சின்ன சுவிட்சோ இருக்கும். 6 வோல்ட்டில் சர்வோ வேகமாகவும் பலமாகவும் ஆடும், கூடவே அதிகம் தின்னும், மலிவு சர்வோ சிலது ஓயாமல் உறுமும். முதல் விமானத்துக்கு 5 வோல்ட் போதும். உயர் வோல்டேஜ் சர்வோ என்று போட்டிருப்பவை மட்டும் 2எஸ் லிப்போவின் 8.4 வோல்ட்டை நேராகத் தாங்கும், அப்போதும் ரிசீவர் அதைத் தாங்குமா என்று அதன் லேபிளில் தனியாகப் பாருங்கள். எல்லா ரிசீவரும் தாங்காது.

எல்எம்2596 சிப் வைத்த, திருகாணி திருப்பி வோல்டேஜ் வைக்கிற மாட்யூல் ஒன்று எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சல்லிசாகக் கிடைக்கிறது. காலேஜ் பையன்கள் ப்ராஜெக்ட்டுக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறது என்று அதையே விமானத்தில் போடக் கேட்கிறார்கள். எல்ஈடி விளக்குக்கு, கேமராவுக்குப் போடுங்கள், தாராளமாக. ரிசீவருக்கு வேண்டாம். சிப் 3 ஆம்பியர் என்று சொன்னாலும் ஹீட் சிங்க் இல்லாத அந்தச் சின்னப் பலகை அவ்வளவை நெடுநேரம் தாங்காது, அதைவிட முக்கியம், அந்தத் திருகாணி அதிர்வில் நகரக்கூடியது. நகர்ந்து வோல்டேஜ் ஏறிவிட்டால் ரிசீவரும் சர்வோக்களும் ஒரேயடியாகப் போகும்.

வாங்குகிற இடம் என்று கேட்டால், ஒயர், ஹீட் ஷ்ரிங்க், எக்ஸ்டி60 கனெக்டர் மாதிரி சாமான்களுக்குக் காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போய்விட்டு மாலையில் திரும்பிவிடலாம். யூபிஇசி ஆன்லைனிலும் வரும். எங்கே வாங்கினாலும் வந்தவுடன் அப்படியே விமானத்தில் மாட்டாதீர்கள், அடுத்த பகுதி அதற்குத்தான்.

கட்டும் முறை

வேலையைத் தொடங்கும் முன் ப்ரொப்பெல்லரைக் கழற்றி ஓரமாக வையுங்கள். இது பேச்சுக்குச் சொல்வதில்லை. த்ராட்டில் ஒயரில் கை வைக்கப் போகிறீர்கள், மோட்டார் எந்த நேரத்திலும் சுற்றலாம்.

யூபிஇசியின் உள் ஒயர்களை, அதாவது பேட்டரி பக்கம் போக வேண்டிய சிவப்பையும் கறுப்பையும், இஎஸ்சியின் பேட்டரி கனெக்டரில் இருக்கிற அதே சிவப்பு, கறுப்போடு சேர்த்து சால்டர் செய்யுங்கள். இஎஸ்சிக்கும் யூபிஇசிக்கும் ஒரே கனெக்டர், ஒரே பேட்டரி, இரண்டும் பக்கவாட்டில் இணை. பேக்கின் ஒவ்வொரு செல்லுக்கும் போகிற பேலன்ஸ் ஒயரிலிருந்து இரண்டு செல்லை மட்டும் தட்டி எடுத்து ரிசீவருக்குக் கொடுக்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அந்த இரண்டு செல் மட்டும் அதிகம் காலியாகி பேக் முழுவதும் கெட்டுப்போகும். சால்டர் ஆனதும் பாசிட்டிவ் நெகட்டிவை இன்னொரு தடவை கண்ணால் பாருங்கள். யூபிஇசியைத் தலைகீழாகக் கொடுத்தால் அது பெரும்பாலும் முதல் நொடியிலேயே புகையைக் கக்கிவிடும்.

அப்புறம் ரிசீவரைச் சேர்க்காமல் பேட்டரியை மாட்டி, யூபிஇசியின் வெளி ஒயரில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 5 வோல்ட் என்றால் 4.9 முதல் 5.2க்குள் இருந்தால் சரி. 6 காட்டினால் ஜம்பர் வேறு இடத்தில் இருக்கிறது. 12 காட்டினால் அது குப்பைத்தொட்டிக்கு, ரிசீவர் தப்பியது.

சரி, இப்போதுதான் எல்லாரும் மறக்கிற வேலை. இஎஸ்சிக்குள் இருக்கிற பிஇசியும் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கிறது, வெளியே மாட்டிய யூபிஇசியும் 5 வோல்ட் கொடுக்கப் போகிறது. இரண்டின் 5 வோல்ட்டும் துல்லியமாக ஒன்றாக இருக்காது. கொஞ்சம் அதிகமாக இருப்பது மொத்தச் சுமையையும் தன் தலையில் ஏற்றிக்கொள்ளும், ஸ்விட்சிங் வகை என்றால் ஒன்றின் வேலையை இன்னொன்று குழப்பும். எனவே இஎஸ்சியிலிருந்து வருகிற மூன்று ஒயரில் நடுவில் இருக்கிற சிவப்பை மட்டும் எடுத்துவிட வேண்டும். வெட்டத் தேவையில்லை. கறுப்பு பிளாஸ்டிக் பிளக்கின் பக்கத்தில் சின்ன நாக்கு மாதிரி இருக்கும், அதை ஊசி முனையால் லேசாகத் தூக்கினால் சிவப்பு ஒயர் பின்னோடு நழுவி வெளியே வரும். அதை மடித்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு, ஒயரோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள், பின்னால் தேவைப்பட்டால் திரும்ப நுழைத்துக்கொள்ளலாம். கறுப்பும் சிக்னலும் கட்டாயம் இருக்க வேண்டும், கறுப்பை எடுத்தால் இஎஸ்சிக்குக் கட்டளை ஒழுங்காகப் போகாமல் போகலாம். இரண்டு மோட்டார் விமானத்தில் இஎஸ்சி இரண்டு இருக்கும், அங்கே யூபிஇசி இல்லாவிட்டாலும் ஒரு இஎஸ்சியின் சிவப்பை எடுத்துவிடுவது பாதுகாப்பு.

யூபிஇசியின் வெளி ஒயரை ரிசீவரில் பேட்டரி என்றோ பி என்றோ குறித்த இடத்தில் மாட்டுங்கள். அது நிரம்பியிருந்தால் காலியாக இருக்கிற எந்தச் சேனலிலும் மாட்டலாம், நடு ஊசிகள் எல்லாம் ஒன்றுதான் என்று மேலே சொன்னேனே.

வைக்கிற இடம்: காற்று படுகிற இடம். ரெகுலேட்டரைப் பஞ்சால் சுற்றாதீர்கள், பேட்டரிக்கு அடியில் செருகாதீர்கள். மூக்கில் காற்று நுழைய ஒரு ஓட்டை, பின்னால் வெளியேற அதைவிடப் பெரிய ஓட்டை. நுழைகிற ஓட்டை மட்டும் போட்டுவிட்டு வெளியேற வழி வைக்காதவர்கள்தான் அதிகம்.

தரையில் சோதனை

இதை மட்டும் தவிர்க்காதீர்கள், மற்றதில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் இது காட்டிக்கொடுத்துவிடும்.

ப்ரொப்பெல்லர் இன்னும் கழற்றியபடியே. பேட்டரி முழு சார்ஜ். காலியான சேனலில் ஒரு பழைய சர்வோ ஒயரை மாட்டி அதன் சிவப்பிலும் கறுப்பிலும் மல்டிமீட்டரைப் பிடியுங்கள். சும்மா இருக்கும்போது எவ்வளவு என்று பாருங்கள், 5.05 என்று வைத்துக்கொள்வோம். இப்போது இரண்டு குச்சியையும் எல்லாத் திசையிலும் வேகமாகச் சுழற்றுங்கள், கூட ஒருவர் இருந்தால் அவர் எலிவேட்டரையும் எய்லிரானையும் விரலால் மெதுவாகத் தடுத்துப் பிடிக்கட்டும், பல்சக்கரம் உடைகிற அளவுக்கு வேண்டாம். மீட்டர் 4.8க்குக் கீழே இறங்காமல் இருந்தால் நிம்மதி. 4.5க்குப் போனால் ரெகுலேட்டர் சின்னது, அல்லது எங்கோ ஒயர் மெலிந்தது, அல்லது கனெக்டர் தளர்ந்தது. 4 வோல்ட் பக்கம் எட்டிப் பார்த்தால் அந்த விமானம் பறக்கத் தகுதி இல்லை, எத்தனை பேர் சுற்றி நின்று "ஒரு ரவுண்டு விடுங்கண்ணா" என்று கேட்டாலும்.

சாதாரண மல்டிமீட்டர் மெதுவாகத்தான் பார்க்கும், கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து போகிற தொய்வு அதில் தெரியாது. அதனால்தான் 4.8 என்று கடுமையாக எல்லை வைக்கச் சொல்கிறேன். குறைந்தபட்ச எண்ணைப் பிடித்து வைக்கிற பொத்தான் உங்கள் மீட்டரில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். திருப்பிச் செய்தி அனுப்புகிற ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு ரிசீவர் வோல்டேஜ் ரேடியோத் திரையிலேயே தெரியும், அதற்கு 4.6 அளவில் ஒரு அலாரம் வைத்துவிட்டால் வானத்தில் இருக்கும்போதே கத்தும்.

அடுத்து சூட்டுச் சோதனை. விமானத்தின் மூடியைப் போட்டு மூடி, பத்து நிமிடம் விட்டு விட்டுக் குச்சிகளை ஆட்டிக்கொண்டே இருங்கள், நீங்கள் பறக்கவிடும் நேரத்துக்குக் குறையக் கூடாது. மூடியைத் திறந்து உடனே ரெகுலேட்டரைத் தொடுங்கள். விரலை ஐந்து நொடி வைத்திருக்க முடிந்தால் சரி. வைத்தவுடன் எடுத்துவிட்டால் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டுகிறது, அதைத் திருத்தாமல் மைதானத்துக்குக் கொண்டு போகாதீர்கள். வீட்டுக்குள் ஃபேன் காற்றில் செய்த சோதனையை வெயில் நேரத்தோடு ஒப்பிட முடியாது, முடிந்தால் மொட்டை மாடியில் மதியம் நிழலில் ஒரு தடவை செய்துபாருங்கள்.

கடைசியாக ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் போனால் ரிசீவர் தானாகப் போய் நிற்கிற நிலை. ரேடியோவை அணைத்தால் த்ராட்டில் பூஜ்யத்துக்கு வர வேண்டும். மோட்டார் ஒயர் மாட்டியிருக்கும்போது அணைத்துப் பாருங்கள், பழைய நிலையிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் ரேடியோவின் அமைப்பில் போய்ச் சரிசெய்யுங்கள்.

கெப்பாசிட்டர் போட்டால் போதாதா

போதாது. ரிசீவரின் காலிச் சேனலில் 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கணக்கைப் பாருங்கள்: சர்வோக்கள் 3 ஆம்பியர் கேட்கும்போது ரெகுலேட்டர் கைவிட்டால், அந்தக் கெப்பாசிட்டர் தனியாக நின்று வோல்டேஜ் ஒரு வோல்ட் குறைவதற்குள் கொடுக்கக்கூடியது ஏறக்குறைய ஒன்றரை மில்லி விநாடி. சர்வோ தொடங்கும்போது வருகிற கூர்மையான குத்தல்களை மழுக்க அது உதவும், சின்ன ரெகுலேட்டரைப் பெரிதாக்காது. போடுவதானால் குறைந்த உள் எதிர்ப்பு உள்ளதாக, 10 அல்லது 16 வோல்ட் தாங்குவதாகப் பார்த்து, நெகட்டிவ் பட்டையைக் கறுப்பு ஒயர் பக்கம் வைத்து மாட்டுங்கள். தலைகீழாக மாட்டினால் வெடிக்கும்.

க்ளோ என்ஜினும் பெரிய விமானமும்

மெத்தனால் எரிபொருளில் ஓடுகிற க்ளோ என்ஜின் அல்லது பெட்ரோல் என்ஜின் விமானத்தில் மோட்டார் பேட்டரியே இல்லை, ரிசீவருக்குத் தனி பேக் வேண்டும். 2எஸ் லிப்போ வைத்து ரெகுலேட்டரால் 6 வோல்ட் ஆக்கலாம். இங்கே ஒரு கணக்கு உதைக்கும். 7805 மாதிரி பழைய லீனியர் வகைக்கு வெளியே வருவதைவிட உள்ளே ஏறக்குறைய 2 வோல்ட் கூடுதலாக வேண்டும், பேட்டரி இறங்கி 6.6க்கு வந்தால் 5 வோல்ட் என்று போட்டிருக்கிற இடத்தில் 4.6தான் வரும். 2எஸ் பேட்டரிக்கு வாங்கும்போது குறைந்த இடைவெளியில் வேலை செய்யும் என்று குறிப்பிட்ட ரெகுலேட்டராகப் பாருங்கள்.

எனக்குப் பிடித்த வழி இரண்டு செல் லித்தியம் அயர்ன் பாஸ்ஃபேட் பேக். பெயரளவு 6.6 வோல்ட், முழு சார்ஜில் 7.2, மாட்டிய கொஞ்ச நேரத்தில் 6.6 பக்கம் இறங்கி நிற்கும். சர்வோவும் ரிசீவரும் அந்த வோல்டேஜை ஏற்றுக்கொள்ளும் என்று லேபிளில் இருந்தால் ரெகுலேட்டரே தேவையில்லை, கெட்டுப்போகக்கூடிய ஒரு பொருள் குறைகிறது. இதற்குரிய சார்ஜிங் முறையை சார்ஜரில் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள், லிப்போ முறையில் போட்டால் பேக் வீணாகும்.

தனி பேக் வைத்தவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. எலெக்ட்ரிக் விமானத்தில் பேட்டரி இறங்கினால் இஎஸ்சி மோட்டாரை அணைத்து உங்களுக்குச் சொல்லிவிடும், மிச்சத்தில் ரிசீவர் ஓடும், நீங்கள் இறக்கிவிடலாம். ரிசீவரின் தனி பேக்குக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொரு தடவை பறக்கவிடும் முன்னும் சர்வோவை ஆட்டிக்கொண்டே வோல்டேஜ் பார்ப்பது ஒன்றே வழி.

மைதானத்துக்குப் போகும் முன்

ட்ரோன் விதிகள் 2021 நம் மாதிரி விமானங்களையும் சேர்த்துத்தான் பேசுகிறது. அரசின் வான்பரப்பு வரைபடத்தில் பச்சை மண்டலம் என்று இருக்கிற இடத்தில் 400 அடி வரைதான். அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானத்தளம் இருக்கிறது, வேலூருக்கு மேற்கே அப்துல்லாபுரத்தில் விமானத்தளம் இருக்கிறது, ஆகவே ராணிப்பேட்டைப் பக்கமோ இந்தப் பக்கமோ காலி நிலம் கிடைத்துவிட்டது என்று போய் நிற்காமல் அரசின் வான்பரப்பு வரைபடத்தில் அந்த இடத்தைத் தேடிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

லிப்போவை பைக் டிக்கியிலோ வெயிலில் நிற்கிற காரிலோ விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பறக்காமல் திரும்பினால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவுக்கு இறக்கி வையுங்கள்.

புது ரெகுலேட்டரோடு முதல் தடவை ஏற்றும்போது காலை எட்டு மணிக்கு முன்னால் போங்கள், மூன்று நிமிடத்தில் இறக்குங்கள், இறங்கியவுடன் மூடியைத் திறந்து ரெகுலேட்டரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அடுத்ததை ஐந்து நிமிடம் ஆக்குங்கள். விரல் பொறுக்கவில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான், வீட்டுக்குப் போய் வால் பக்கத்தில் காற்று வெளியேறும் ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டு மறுநாள் வாருங்கள்.